எத்தனை கட்டை வெளிச்சம்?

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மழை வரும்போல் இருந்தும் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். மேஜைமேல் ஒரு மெழுகுவத்தி, எண்ணெய்ப் பொட்டு வைத்த ஒரு வெள்ளைத் தாள், இரண்டு டார்ச் லைட், அளக்கும் மீட்டர்கள் இரண்டு இருக்கின்றன. இன்றைய பேச்சுக்கு இவ்வளவுதான் கருவி.

எங்கள் ஊரில் டார்ச் லைட் என்று பேச்செடுத்தால் முதல் கேள்வி, "எத்தனை கட்டை?" என்பதுதான். கட்டை என்றால் உள்ளே போடும் பெரிய செல். ரெண்டு கட்டை லைட் வீட்டுக்கு, மூணு கட்டை லைட் வயலுக்கு. அஞ்சு கட்டை லைட்டைத் தோளில் சாய்த்து ஒருவர் நடந்துபோனால், காவலுக்குப் போகிறார் என்று தெரிந்துகொள்வோம். அது முரட்டு அளவுதான். ஆனாலும் அதில் யாரும் பொய் சொல்ல முடியாது. பின்மூடியைத் திருகித் திறந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சிறுபிள்ளையும் எண்ணிவிடும்.

அந்த அளவு அன்றைக்குச் சரியாகவும் இருந்தது. ரெண்டு கட்டை லைட்டுக்குப் பொதுவாகப் போடும் குண்டு பல்பு 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். பெருக்கினால் முக்கால் வாட். அந்த முக்கால் வாட்டில் பெரும்பங்கு இழையைச் சூடாக்குவதில் போய்விடும். வெளிச்சமாக வெளியே வருவது, மொத்த ஒளியை அளக்கும் லுமென் கணக்கில், ஏறக்குறைய பத்து. எல்லா பல்பும் ஏறத்தாழ ஒரே மாதிரி மின்சாரத்தை வீணடித்ததால், கட்டையை எண்ணினாலே வெளிச்சம் தெரிந்துவிட்டது.

எல்இடி வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. ஜப்பானில் ஷுஜி நாகமுரா 1993இல் பிரகாசமான நீல எல்இடியைச் செய்து காட்டினார். நீல ஒளியின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு பூசினால் இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும். இன்று நம் கையிலுள்ள டார்ச்சுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் எரிகின்றன. அந்த நீல எல்இடிக்காக விஞ்ஞானிகள் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சுண்டுவிரல் அளவு செல் ஒன்று அஞ்சு கட்டை லைட்டைத் தோற்கடிக்கும் காலம் வந்துவிட்டது. இனி கட்டையை எண்ணிப் பயனில்லை. அந்த இடத்துக்கு வந்ததுதான் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண். திறந்து எண்ணிப் பார்க்க முடியாத எண்.

என் மைத்துனர் லால்குடிப் பக்கம் வாழை போட்டிருக்கிறார். மும்முனை மின்சாரம் இரவில் வரும் முறை என்றால், நடுச்சாமத்தில் எழுந்து போய் மோட்டாரைப் போட்டு, வரப்பை வெட்டி விட்டுத் திரும்ப வேண்டும். போன வருஷம் சந்தையில் ஒரு டார்ச் வாங்கினார். பெட்டியில் 1000 லுமென், 1000 மீட்டர், 10 மணி நேரம் என்று போட்டிருந்தது. முதல் நாள் இரவு ஒரு மணி நேரம் ஆவதற்குள், வாழைக்கு நடுவே நிற்கும்போது லைட் மங்கிப் போய்விட்டது. தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தவர் மறுநாள் காலையில் என்னிடம் கேட்டார்: "மாமா, பெட்டியிலே போட்டிருக்கிறது பொய்யா, இல்லை எனக்குத்தான் இதை வைத்துக்கொள்ளத் தெரியவில்லையா?"

அந்தக் கேள்வியின் இரண்டாம் பாதி என்னை வருத்தியது. ஏமாற்றப்பட்டவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார். இது சின்ன விஷயமில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். இருட்டில் நடக்கும்போது டார்ச் எடுத்துப் போங்கள் என்று எல்லா மருத்துவரும் சொல்கிறார்கள். அந்த டார்ச் சொன்னபடி எரிய வேண்டாமா?

வெளிச்சத்தை அளக்கும் கலையே இப்படிப்பட்ட ஒரு வழக்கில் வளர்ந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் தெருவுக்கும் வீட்டுக்கும் எரிவாயு விளக்கு வந்தது. காசு வாங்குவது வாயுவுக்கு. மக்களுக்கு வேண்டியதோ வெளிச்சம். மட்டமான வாயுவைக் கொடுத்தால் மீட்டர் அதே அளவு ஓடும், விளக்கு மட்டும் மங்கும். அதனால் 1860ஆம் ஆண்டு எரிவாயுச் சட்டம், வெளிச்சத்துக்கு ஒரு படிக்கல்லை வைத்தது. திமிங்கில மெழுகில் செய்த மெழுகுவத்தி, எடை ஒரு பவுண்டில் ஆறில் ஒரு பங்கு, மணிக்கு 120 கிரெயின் எரிய வேண்டும். நம் கணக்கில் ஏறக்குறைய 7.8 கிராம். வாயு விளக்கு இத்தனை மெழுகுவத்திக்குச் சமம் என்று பரிசோதகர்கள் அளந்து எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் வழங்கும் கேண்டெலா அந்த மெழுகுவத்தியின் வழித்தோன்றல். கேண்டெலா என்ற சொல்லே இலத்தீனில் மெழுகுவத்தியைக் குறிப்பது. நுகர்வோருக்கு நியாயம் தேடியதில் வளர்ந்த அளவு அது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிச்சத்துக்கு மூன்று அளவுகள் உண்டு. மூன்றையும் பம்ப்செட்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மோட்டார் ஒரு நிமிடத்தில் மொத்தமாக எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது? அது லுமென். குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் அதே மோட்டாரின் தண்ணீர் குவிந்து பீய்ச்சிக்கொண்டு தூரம் போகிறது. ஒரு திசையில் அப்படிக் குவிந்த வலிமை கேண்டெலா. கடைசியில் ஒரு செடியின் பாத்தியில் எவ்வளவு விழுந்தது? அது லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லுமென் விழுந்தால் ஒரு லக்ஸ்.

ஆகவே லுமென் குறைந்த டார்ச் தூரம் அடிக்கலாம், லுமென் கூடிய டார்ச் பக்கத்திலேயே பரவி முடிந்துவிடலாம். உள்ளே இருக்கும் கிண்ணமும் கண்ணாடியும் ஒளியை எப்படிக் குவிக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. "எத்தனை லுமென்?" என்று மட்டும் கேட்டு வாங்குகிறவர் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறார்.

இப்போது அளப்போம். பின்வரிசையில் இருப்பவர்கள் விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

இந்தத் தாளின் நடுவில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டிருக்கிறேன். பொட்டு பட்ட இடம் ஒளியைத் தன் வழியே விடும். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்தால், வெளிச்சப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது பொட்டு கருப்பாகத் தெரியும், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் பொட்டு ஏறக்குறைய மறைந்துவிடும். ஜெர்மானிய வேதியியலர் ராபர்ட் புன்சன் கண்ட வழி இது. நம் பள்ளி ஆய்வுக்கூடத்து புன்சன் அடுப்புக்குப் பெயர் தந்தவரும் அவரே.

மெழுகுவத்தி தாளுக்கு 30 சென்டிமீட்டரில் இருக்கிறது. மறுபக்கம் இந்தச் சின்ன டார்ச்சோடு தம்பி மெல்லப் பின்னால் நடந்து போகட்டும். இன்னும், இன்னும். நில்லுங்கள், பொட்டு கரைகிறது. மெழுகுவத்தியின் ஒளி மஞ்சள், எல்இடியின் ஒளி நீலம் கலந்த வெள்ளை. அதனால் முழுக்க மறையாது, ஆனால் இருண்ட பொட்டு பளிச்சென்று மாறும் இடம் தெரிந்துவிடும். தூரம் என்ன? 6 மீட்டர். அதாவது மெழுகுவத்தியின் தூரத்தைப்போல் 20 மடங்கு. ஒளி தூரத்தின் இருபடிக்கு ஏற்பக் குறையும். 20ஐ 20ஆல் பெருக்கினால் 400. மெழுகுவத்தி ஒன்று சுமார் ஒரு கேண்டெலா என்றால், இந்த டார்ச் நடுக்கற்றையில் சுமார் 400 கேண்டெலா. ஒரு சொட்டு எண்ணெயும் ஒரு டேப்பும் போதும், நாம் ஒளியை அளந்துவிட்டோம்.

லக்ஸ் மீட்டர் இருந்தால் இன்னும் எளிது. சுவரில் மீட்டரை வைத்து, டார்ச்சை அளந்த தூரத்தில் நிறுத்தி, அது காட்டும் லக்ஸை, மீட்டர் கணக்கிலான தூரத்தின் இருபடியால் பெருக்கினால் கேண்டெலா. ஆனால் மிக அருகில் வைத்து அளக்காதீர்கள். கிண்ணத்திலிருந்து வரும் கற்றை ஓரளவு தூரம் போன பிறகே இந்த விதிக்குக் கட்டுப்படும். கைப்பேசியின் ஒளி உணரியைக் கொண்டும் அளக்கலாம். ஒரு கைப்பேசிக்கும் இன்னொன்றுக்கும் எண் மாறும் என்பதால், ஒரே கைப்பேசியில் இரண்டு டார்ச்சுகளை ஒப்பிட மட்டும் அதை நம்புங்கள்.

மைத்துனரின் டார்ச்சை 10 மீட்டரில் வைத்தேன். மீட்டர் 64 லக்ஸ் காட்டியது. 100ஆல் பெருக்கினால் 6400 கேண்டெலா. பெட்டியில் 1000 மீட்டர் என்று போட்டிருந்ததே, அதற்கு என்ன பொருள்?

இதற்கு ஒரு நெறி உண்டு. அமெரிக்காவில் 2009இல் டார்ச்சுகளுக்கென்றே எஃப்எல்-1 என்ற தரநெறி வந்தது. அதன்படி, ஒரு டார்ச்சின் தூரம் என்பது அதன் ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரைக்கும். 0.25 லக்ஸ் என்பது மேகமில்லாத பௌர்ணமி இரவில் நிலத்தில் விழும் நிலவொளியின் அளவு. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் கிடைக்கும். 6400க்கு வர்க்கமூலம் 80, இருமடங்கு 160 மீட்டர். 1000 மீட்டர் வேண்டுமானால் 2,50,000 கேண்டெலா வேண்டும். இருப்பதோ 6400. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 160 மீட்டரின் கடைசியில் கிடைப்பது நிலா வெளிச்சம்தான். அங்கே ஆள் நிற்பது தெரியலாம், சருகில் கிடக்கும் கண்ணாடிவிரியன் தெரியாது. 40 மீட்டரில் 4 லக்ஸ் இருக்கும். அதுதான் கண்ணுக்கு உதவும் தூரம்.

மொத்த ஒளியான லுமெனை அளப்பது கொஞ்சம் கடினம். எல்லாத் திசையிலும் போகும் ஒளியைச் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உள்ளே வெள்ளை பூசிய பெரிய உருண்டை வைத்திருப்பார்கள். ஜெர்மனியின் ரிச்சர்ட் உல்பிரிக்ட் பெயரால் வழங்கும் உருண்டை அது. உள்ளே விழும் ஒளி சுவரில் பட்டுப் பட்டு ஒரே சீராகப் பரவிவிடும், ஓர் இடத்தில் அளந்தால் போதும். நம் வீட்டில் வெள்ளையடித்த சின்ன அறையே அந்த உருண்டை. இரவில் கதவைச் சாத்தி, டார்ச்சைக் கூரையைப் பார்த்து நிறுத்தி, கற்றை நேராகப் படாத மூலையில் மீட்டரை வையுங்கள். லுமென் தெரிந்த நல்ல டார்ச் ஒன்றை முதலில் அளந்து, பிறகு உங்கள் டார்ச்சை அதே இடத்தில் வைத்து அளந்து, விகிதம் போடுங்கள்.

மற்றொரு வழி உண்டு. அதுதான் என் பேச்சின் மையம். வெளியே வருவதை அளப்பதோடு உள்ளே போவதையும் அளப்பது.

டார்ச்சின் பின்மூடியைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனையைச் செல்லின் பின்புறத்திலும் மற்றொன்றை உலோகக் குழாயின் விளிம்பிலும் வையுங்கள். மூடியின் வேலையை மீட்டர் செய்யும், லைட் எரியும், மின்னோட்டம் தெரியும். மில்லியாம்பியர் துளையில் அளக்காதீர்கள். அதன் தடை கூடுதல் என்பதால் லைட்டே மங்கும், ஃபியூஸும் போகலாம். அளந்து முடித்ததும் வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து ஆம்பியர் துளையிலேயே செல்லின் வோல்ட் பார்த்தால், செல்லை நேராகக் குறுக்குச்சுற்றாக்குகிறீர்கள். லித்தியம் செல்லில் அது நெருப்பில் முடியும். சுவரில் நேராகச் செருகிச் சார்ஜ் செய்யும் டார்ச்சைச் சார்ஜில் இருக்கும்போது திறக்கவே கூடாது. பலவற்றில் மின்வாரிய மின்சாரம் உள்பாகங்கள்வரை வந்து நிற்கிறது.

மைத்துனரின் டார்ச்சில் செல் 3.9 வோல்ட், மின்னோட்டம் 1.1 ஆம்பியர். பெருக்கினால் சுமார் 4.3 வாட். இப்போது பெட்டியின் 1000 லுமெனை 4.3ஆல் வகுங்கள். வாட்டுக்கு ஏறக்குறைய 233 லுமென். இது முடியுமா?

இயற்கை விதித்த உச்சவரம்பு ஒன்று உண்டு. நம் கண்ணுக்கு மிகவும் ஒத்துவரும் பச்சை ஒளியில்கூட ஒரு வாட்டுக்கு 683 லுமென்தான். கேண்டெலாவின் வரையறையே அந்த எண்ணில் கட்டப்பட்டது. வெள்ளை ஒளிக்கு வரம்பு இதைவிட மிகக் குறைவு. அமெரிக்காவின் கிரீ நிறுவனம் 2014இல் ஆய்வுக்கூடத்தில் வாட்டுக்கு 303 லுமென் எட்டியதைச் சாதனை என்று அறிவித்தது. சந்தையில் விற்கும் டார்ச்சில், கண்ணாடியிலும் கிண்ணத்திலும் இழப்பு போக, வாட்டுக்கு 100 கிடைத்தால் திருப்திப்படலாம். ஆகவே மைத்துனரின் டார்ச்சின் உண்மையான ஒளி 430 லுமெனைப் பெரிதாகத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. லுமெனை நேராக அளக்காமலேயே பொய்யைப் பிடித்துவிட்டோம். வெளிச்சத்தைப் பற்றி அட்டைப்பெட்டி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். உள்ளே போகாதது வெளியே வராது.

அடுத்தது 10 மணி நேரம். 4.3 வாட் 10 மணி நேரம் எரிய 43 வாட்-மணி வேண்டும். உள்ளே இருந்தது 18650 செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அந்த அளவில் நன்றாகச் செய்த செல்லில் 3500 மில்லியாம்பியர்-மணி அளவில் இருக்கும், ஏறக்குறைய 12.6 வாட்-மணி. சிறந்த செல் மூன்று போட்டாலும் பெட்டி சொன்ன கணக்குக்கு எட்டாது. 18650இன்மேல் 9900 என்று அச்சிட்டு விற்கிறார்கள். ஒரு படியில் மூன்று படி நெல்லை அளந்து போட்டதாகச் சொல்வதுபோல் இருக்கிறது அது.

மூன்றாவது அளவுகோல் நேரம். சுவரில் மீட்டரை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நோட்டில் எழுதினேன். தொடக்கத்தில் 64 லக்ஸ். 10ஆம் நிமிடம் 55. 20இல் 47. 30இல் 40. 42ஆம் நிமிடத்தில் 32, சரிபாதி. 55ஆம் நிமிடத்தில் 6. செல் தீரத் தீர மின்னோட்டம் இறங்குகிறது, எல்இடி சூடாகச் சூடாக ஒளியும் குறைகிறது. நல்ல டார்ச்சில் மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சுற்று உண்டு. அதில் கோடு நெடுநேரம் சமதளமாகப் போய்க் கடைசியில் சட்டென்று விழும்.

நம் கண்ணை நம்பி இதை அளக்க முடியாது. கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஒளி பாதியாகக் குறைந்தாலும் மெல்லக் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. இருமடங்கு பிரகாசமாகத் தோன்ற வேண்டுமானால் நான்கு முதல் எட்டு மடங்கு ஒளி வேண்டும். நிலவொளி முதல் நடுப்பகல் வரை ஒரே கண்ணால் வாழ்வதற்கு இயற்கை தந்த வரம் இது. ஆனால் அதே வரம் கண்ணை மோசமான மீட்டர் ஆக்கிவிட்டது. கடையில் சுவரில் அடித்துக் காட்டுவதைப் பார்த்து வாங்காதீர்கள்.

தரநெறியைப் பின்பற்றும் டார்ச்சிலும் கவனம் வேண்டும். எஃப்எல்-1 நெறிப்படி லுமெனை எடுப்பது, எரியத் தொடங்கி 30 வினாடி முதல் 2 நிமிடத்துக்குள். எரியும் நேரம் என்பது ஒளி பத்தில் ஒரு பங்காகும் வரை. ஒரு டார்ச் 1000 லுமெனில் தொடங்கி, மூன்றாம் நிமிடத்தில் சூடு தாங்காமல் 300க்கு இறங்கி, அப்படியே மூன்று மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் 1000 லுமென், 3 மணி நேரம் என்று போடலாம். இரண்டும் உண்மை. ஆனால் 1000 லுமெனில் 3 மணி நேரம் எரியும் என்று நாம் புரிந்துகொண்டால் அது தவறு. அதனால் எரியும் நேரத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். எண்கள் மறைப்பதை அந்தக் கோடு காட்டிவிடும்.

இதனால் கெடுவது ஒருவரின் காசு மட்டுமில்லை. கென்யாவில் மலிவான எல்இடி டார்ச்சுகள் குவிந்தபோது, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த இவான் மில்ஸும் உடன் உழைத்தவர்களும் அவற்றை வாங்கி அளந்தார்கள், வாங்கியவர்களிடம் கேட்டார்கள். அவர்களுடைய கவலை, மட்டமான டார்ச்சால் சூடுபட்டவர்கள் எல்இடியையே நம்பாமல் மறுபடி மண்ணெண்ணெய் விளக்குக்குப் போய்விடுவார்களோ என்பது. பின்னால் உலக வங்கிக் குழுமத்தின் லைட்டிங் குளோபல் திட்டம் சூரிய விளக்குகளுக்குத் தரம் வகுத்தபோது, பெட்டியில் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்தது. 1860இல் லண்டன்காரர்களுக்குக் கிடைத்த நியாயம்தான் அது.

பெரிய எண்ணைத் தேடி அலைய வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரப்பில் காலடியைப் பார்த்து நடக்க, பரவலாக விழும் 50 லுமென் போதும் என்பது என் அனுபவம். அது விடியும்வரை அப்படியே எரிய வேண்டும், அவ்வளவுதான். நீலம் தூக்கலான வெள்ளை, கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றும். ஆனால் அதில் சிவப்பு குறைவு. செம்மண், சருகு, பழுப்புத் தோல் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். இளமஞ்சள் வெள்ளை எல்இடி வயலுக்கு நல்லது.

நூலகரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன், அவரும் ஒப்புக்கொண்டார். ஒரு லக்ஸ் மீட்டரும் ஒரு மல்டிமீட்டரும் இனி இந்த நூலகத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் டார்ச்சைக் கொண்டுவாருங்கள். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மாணவர்கள் அளந்து, எத்தனை மீட்டர், எத்தனை வாட், பாதி வெளிச்சம்வரை எத்தனை நிமிடம் என்று மூன்று எண்களை எழுதி ஒட்டித் தருவார்கள்.

மைத்துனரின் டார்ச்சில் அப்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். புதிய டார்ச் வாங்கச் சொன்னேன், இன்னும் வாங்கவில்லை. அந்தப் பழைய டார்ச்சில் இப்போது "42 நிமிடம்" என்று எழுதியிருக்கிறது. மோட்டாரைப் போடக் கிளம்பும்போது அவர் மணி பார்த்துக்கொள்கிறார். வாய்க்கால் திருப்ப நேரமாகும் என்று தெரிந்தால் பையில் இன்னொரு செல்லைப் போட்டுக்கொள்கிறார். டார்ச் அதே டார்ச்தான், வெளிச்சமும் அதே வெளிச்சம்தான். அது எப்போது கைவிடும் என்று அவருக்குத் தெரியும். சீட்டு ஒட்டிய நாளுக்குப் பிறகு அவர் இருட்டில் மாட்டிக்கொண்டதில்லை.

விளக்குகளைப் போடுங்கள்.